செம்பருத்தியா, இட்லிப்பூவா? உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பார்த்துச் சொல்கிறேன்

கோவையில் எங்கள் வீட்டு வாசலில் நான்கு செம்பருத்தி, மதில் ஓரம் ஒரு வரிசை இட்லிப்பூ. இருபது வருடமாக இரண்டோடும் பழகுகிறேன். "ஒரு செடிக்குத்தான் இடம், எதை வைக்கலாம்?" என்று கேட்டவர்களுக்கும், வைத்துவிட்டுத் தவிப்பவர்களுக்கும் இங்கே பதில் சொல்கிறேன். இட்லிப்பூ என்பது வெட்சிதான். நர்சரியில் இக்சோரா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

தாம்பரத்திலிருந்து: அக்கா, வாசற்படி பக்கத்தில் இரண்டடி அகலத்தில் கொஞ்சம் மண் இருக்கிறது. இரண்டில் எது நன்றாக வரும்?

முதலில் உங்கள் போர் தண்ணீரைப் பாருங்கள். வாளியில், குழாய் முனையில் வெள்ளையாக உப்புப் படிகிறதா? படிந்தால் செம்பருத்தி வையுங்கள். இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் அமிலத் தன்மை உள்ள மண் வேண்டும். செம்மண் பூமியில் அது தானாகத் தழைக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். செம்பருத்தி அந்தத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும்.

அடுத்தது, செடிக்கென்று உங்களால் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்? செம்பருத்தி வேகமாக வளரும். வெட்டாமல் விட்டால் ஆளுயரம் தாண்டி வாசலை அடைத்துவிடும். நாட்டு ரகத்தில் பூ காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டுவிடும். தினமும் சாமிக்குப் பறிப்பவர்களுக்கு அது வரம். இட்லிப்பூ நிதானமாகத்தான் வளரும், ஆனால் ஒரு கொத்து மலர்ந்தால் வாரக்கணக்கில் செடியிலேயே நிற்கும். தண்ணீர் நல்லதாக இருந்து, பராமரிக்க நேரம் இல்லை என்றால் இரண்டடி இடத்துக்கு இட்லிப்பூதான் என் தேர்வு.

யாழ்ப்பாணத்திலிருந்து: அக்கா, செவ்வரத்தை (செம்பருத்தி) எங்கட வளவில் குறையில்லாமல் பூக்குது. வெட்சி மட்டும் மஞ்சளாகிப் போகுது. பசளை போட்டும் சரிவரவில்லை. என்ன செய்யலாம்?

உங்கள் ஊர் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீரும் அதன் வழியாகத்தான் வருகிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. ஒரு இளம் இலையை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக, இடையில் எல்லாம் எலுமிச்சை மஞ்சளாக இருந்தால் இரும்புக் குறைதான். பசளையைக் கூட்டிப் பயனில்லை. முக்கியமாக டிஏபி போன்ற மணிச்சத்து உரம் அதிகமானால் இரும்பு இன்னும் கிடைக்காமல் போகும்.

அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட், 5 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். அரை எலுமிச்சம் பழம் பிழிந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரு பக்கமும் தெளியுங்கள். 15 நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். மண்ணில் கொட்டினால் சுண்ணாம்பு அதைக் கட்டிப் போட்டுவிடும். தரையில் சிந்தினால் துருக்கறை போகவே போகாது; கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். பழைய இலை பழையபடி பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம், புதுத் துளிரைப் பாருங்கள். நிரந்தர வழி என்றால் பெரிய சாடியில் செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து வைத்து, முடிந்த வரை மழைத் தண்ணீர் ஊற்றுவதுதான்.

திருப்பூரிலிருந்து: மண் எப்படி என்று லேபுக்குப் போகாமல் வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

மண்ணை விட, நீங்கள் ஊற்றும் தண்ணீரை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அதற்குச் செம்பருத்தியே உதவும். சிவப்பு நாட்டுச் செம்பருத்தி நான்கைந்தின் இதழை மட்டும் கிள்ளிச் சுடுதண்ணீரில் போடுங்கள். பத்து நிமிடத்தில் சாயம் இறங்கும், வடிகட்டுங்கள். இந்தச் சாயம் புளிப்பில் அடர் ரோஸ் நிறமாகும், காரத் தன்மையில் (புளிப்புக்கு நேர் எதிர்) பச்சையாகும். பள்ளி அறிவியலில் பிள்ளைகள் செய்வதுதான். இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். ஒன்றில் மழைத் தண்ணீர், இன்னொன்றில் உங்கள் போர் தண்ணீர். இரண்டிலும் சாயத்தைச் சம அளவு விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போர் தண்ணீர் பச்சைப் பக்கம் சாய்ந்தால் அதை இட்லிப்பூவுக்கு ஊற்றாதீர்கள். எங்கள் வீட்டில் செய்தபோது போர் தண்ணீர் பாசிநிறத்துக்குப் போனது. அன்றிலிருந்து இட்லிப்பூவுக்கு மட்டும் மழைத் தொட்டித் தண்ணீர். மண்ணின் அமில, கார அளவு துல்லியமாக வேண்டும் என்றால் லேபில்தான் கொடுக்க வேண்டும்.

ஈரோட்டிலிருந்து: செம்பருத்தி நுனியெல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறது. பக்கத்து இட்லிப்பூவில் ஒன்றும் இல்லை. செம்பருத்தியைப் பிடுங்கிவிடலாமா?

பிடுங்காதீர்கள். அது மாவுப்பூச்சி. செம்பருத்தியின் பெரிய பலவீனமே இதுதான். இட்லிப்பூவுக்கு வராது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதன் தடித்த இலையில் இந்த அளவு பெருகி நான் பார்த்ததில்லை.

2008-இல் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது எங்கள் கோவைப் பக்கம்தான். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தோட்டம் தோட்டமாக அழித்தது. தெருவில் இருந்த செம்பருத்தி எல்லாம் சுண்ணாம்பு அடித்தமாதிரி நின்றது. மருந்து அடித்து அடித்து ஓய்ந்துபோனோம். 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். அதன் பிறகுதான் பூச்சி கட்டுக்குள் வந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கண்டபடி விஷம் அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

அதனால் தெளிக்கும் முன் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சில பூச்சி உப்பி, பழுப்பாகி, முதுகில் வட்ட ஓட்டையோடு இருந்தால் குளவி வேலை செய்கிறது என்று அர்த்தம். கை வைக்காதீர்கள். இல்லையென்றால் அதிகம் தாக்கிய நுனியை வெட்டிப் பையில் கட்டிப் போடுங்கள். மிச்சத்தை வேகமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். சாயங்காலம் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து தெளியுங்கள், வாரம் ஒரு முறை. அப்புறம் எறும்பு. தண்டில் எறும்புச் சாரி ஏறுகிறதென்றால் அது இந்தப் பூச்சி விடும் இனிப்புக்காகத்தான், பதிலுக்குப் பூச்சியைக் காவல் காக்கும். எறும்பைத் தடுக்காமல் எதை அடித்தாலும் திரும்ப வரும்.

மதுரையிலிருந்து: செம்பருத்தியில் மொட்டு நிறைய வைக்கிறது, விரியாமலே உதிர்ந்துவிடுகிறது. வாழைப்பழத் தோல் ஊறவைத்த தண்ணீர் ஊற்றலாமா?

அதில் பெரிதாக ஒன்றும் இறங்காது, தோலை மக்கவைத்துப் போடுங்கள். உதிர்ந்த மொட்டு ஒன்றைப் பிரித்து வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். நூல்போல் மெல்லிய பூச்சி ஓடினால் இலைப்பேன், அதற்கும் வேப்பெண்ணெய்தான். ஒன்றும் ஓடவில்லை என்றால் தண்ணீர்க் கோளாறு. ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக ஊற்றினால் மொட்டு நிற்காது. மதுரைக் கோடையில் தொட்டிச் செடிக்குக் காலை, மாலை இரண்டு வேளையும் வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து: அண்ணன் மாதம் தவறாமல் இட்லிப்பூ வேலியைக் கத்தரித்து அழகாக வைத்திருக்கிறார். ஆனால் பூவே இல்லை. என்ன உரம் போடச் சொல்ல?

உரம் வேண்டாம், கத்தரியை வாங்கி உள்ளே வையுங்கள். இட்லிப்பூ கிளை நுனியில்தான் கொத்து வைக்கும். மாதா மாதம் நுனியை வெட்டினால் அது எங்கே பூக்கும்? ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் லேசாக ஒரு கவாத்து, அதோடு சரி. செம்பருத்தியும் புதுக் கிளையில் பூப்பதுதான். ஆனால் அது வேகமாகத் துளிர்ப்பதால் மூன்றில் ஒரு பங்கு வெட்டினாலும் சீக்கிரம் மீண்டுவிடும்.

சேலத்திலிருந்து: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை, தெருவில் ஆடு. எது பாதுகாப்பு?

குழந்தைக்கு இரண்டுமே பயமில்லை. அரளிதான் விஷம், அதைத் தவிர்த்துவிடுங்கள். இட்லிப்பூவின் குழலைப் பறித்து அடியில் உறிஞ்சித் தேன் குடிக்காத பிள்ளை உண்டா? கறுத்துப் பழுத்த பழத்தையும் தின்றிருக்கிறோம். மருந்து தெளித்த செடியாக மட்டும் இருக்கக் கூடாது. ஆடு என்றால், செம்பருத்தி இலை அதற்கு விருந்து. வேலி இல்லாமல் வைக்கவே வேண்டாம்.

தஞ்சாவூரிலிருந்து, தமிழாசிரியர் ஒருவர்: பறவையும் பட்டாம்பூச்சியும் வர எது நல்லது? இட்லிப்பூதான் இலக்கியத்து வெட்சி என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள் அம்மா.

தேன்சிட்டுக்குச் செம்பருத்தி. பட்டாம்பூச்சிக்கு இட்லிப்பூ, அதன் நீண்ட மெல்லிய குழலுக்குள் போகிற அளவு நீளமான உறிஞ்சுகுழல் அதற்கு இருக்கிறது. வெட்சி இதுவேதான் ஐயா. ஆநிரை கவரப் போனவர்கள் சூடிய பூ, தொல்காப்பியத்து வெட்சித் திணைக்குப் பெயர் தந்த பூ. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் தாய்மண். ஒரு கொத்தை வகுப்புக்கே எடுத்துப் போய்க் கையில் கொடுங்கள், நான்கு இதழையும் எண்ணிப் பார்க்கட்டும்.

விழுப்புரத்திலிருந்து: இரண்டையும் குச்சி வைத்தே வளர்க்கலாமா?

வளர்க்கலாம். செம்பருத்தியில் பென்சில் தடிமன் குச்சி, அரை அடி நீளம், கீழ் இலையை நீக்கி நிழலில் நடுங்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். இட்லிப்பூ இன்னும் தாமதமாகும். நடுவில் பிடுங்கிப் பார்க்காதீர்கள். அதற்குப் பதியன் போடுவதே எனக்குப் பிடித்த வழி: தாழ்ந்த கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல் வைத்துவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும்போது செய்தால் தண்ணீர் ஊற்றும் வேலையும் மிச்சம்.