காணிக்கைப் பையை எண்ணியவரிடம் கேளுங்கள்

பினாங்கில் ஒரு தமிழ்ச் சபையில் 19 ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். இறையியல் படித்தவன் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை மேசைமேல் கவிழ்த்து எண்ணினவன். அதனாலோ என்னவோ, போதகரிடம் கேட்கக் கூச்சப்படுகிற பண விஷயங்கள் என்னிடம் வருகின்றன. இந்த முறை வந்தவற்றில் சில.

பாயான் லெப்பாஸ் தம்பி: அங்கிள், தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை, மொத்தச் சம்பளத்திலா, இபிஎஃப் (ஓய்வுக்கால சேமநிதி) கழித்துக் கைக்கு வருவதிலா?

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். தசமபாகம் முதலில் வயலிலும் மந்தையிலும் எடுத்தது. மல்கியா 3:10-இல் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்வதும் ஆலயத்தில் ஆகாரம் இருக்கத்தான். உபாகமம் 14-ஐப் படித்துப் பாருங்கள்: மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊரிலேயே வைத்து, ஆலய ஊழியம் செய்கிற லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். அங்கே சம்பளச் சீட்டு கிடையாது. பவுல் 'அவனவன் தன் மனதில் நியமித்தபடியே' என்கிறார், விழுக்காடு சொல்லவில்லை. நான் கைக்கு வந்ததில் பத்தில் ஒன்று கொடுத்தேன். 55 வயதில் இபிஎஃப் எடுத்தபோது அதிலும் கொடுத்தேன். அது என் ஏற்பாடு, உங்களுக்குச் சட்டமில்லை. வெந்தயத்திலும் சீரகத்திலும்கூடத் தசமபாகம் கொடுத்தவர்களை இயேசு மெச்சவில்லை. நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டீர்களே என்றார். லிட்டில் இந்தியா மளிகைக் கடையில் சீரகம் நிறுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வசனம்தான் ஞாபகம் வரும்.

ஆயர் ஈத்தாம் சகோதரி: அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இந்த வருஷம் தசமபாகத்தை நிறுத்தலாம் என்கிறார் வீட்டுக்காரர். சாபம் வருமோ என்று பயமாயிருக்கிறது, ஐயா.

பயப்படாதேம்மா. மாற்கு 7-ஆம் அதிகாரத்தை எடு. அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை 'கொர்பான்', அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லிவிட்டுக் கடமையிலிருந்து நழுவினார்கள் சிலர். அதை ஒப்புக்கொண்ட மதத்தலைவர்களிடம் இயேசு, உங்கள் பாரம்பரியத்தால் தேவனுடைய வார்த்தையையே அவமாக்குகிறீர்கள் என்றார். ஆலயத்துக்குப் போக வேண்டிய பணத்தை அம்மாவுக்குச் செலவழித்ததாக அவர் யாரையும் திட்டினதில்லை. 1 தீமோத்தேயு 5:8 இன்னும் கடுமை: தன் வீட்டாரை விசாரிக்காதவன் அவிசுவாசியிலும் கெட்டவன். அம்மாவின் மருந்துச் சீட்டை உன் காணிக்கைக் கவர் என்றே நினைத்துக்கொள். சபைக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்) போட மனசிருந்தால் போடு. இல்லாவிட்டால் பை உன்னிடம் வரும்போது பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடு. எண்ணுகிற எங்களுக்கு யார் போடவில்லை என்று தெரியவே தெரியாது.

பட்டர்வொர்த், ஓய்வுபெற்றவர்: ஒரு கூட்டத்தில் பிரசங்கியார், 'ஏழை விதவை கையிலிருந்த எல்லாவற்றையும் போட்டாள், நீங்களும் விதையுங்கள், நூறத்தனையாய் அறுப்பீர்கள்' என்றார். 3,000 வெள்ளி போட்டுவிட்டேன். சரிதானா?

முதலில் அந்த விதவை போட்ட இரண்டு காசைப் பார்ப்போம். ரோமக் கணக்கில் அது ஒரு கூலியாளின் நாள் சம்பளத்தில் 64-இல் ஒரு பங்கு. நம் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியை 26 நாளுக்கு வகுத்தால் நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். ஆக, விதவை போட்டது இன்றைக்கு ஏறக்குறைய ஒரு வெள்ளி. எங்கள் பையில் வாராவாரம் ஒரு நீல நிற ஒரு வெள்ளி நோட்டு வரும், எட்டாக மடித்து, தைல வாசனையோடு. நகத்தால்தான் பிரிக்க வேண்டும். யாருடையது என்று நான் விசாரித்ததில்லை.

சரி, பிரசங்கியாருக்கு வருவோம். மாற்கு 12-இல் விதவை வருவதற்குச் சற்று முந்தின வசனத்தில் இயேசு யாரை எச்சரிக்கிறார் தெரியுமா? 'விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற' வேதபாரகரை, அதாவது வேதம் போதிக்கிறவர்களை. அதை விட்டுவிட்டு அடுத்ததை மட்டும் வாசிப்பது எனக்கு ஒப்பவில்லை. தவிர, அவள் திரும்ப நூறு கிடைக்கும் என்று போட்டதாக அங்கே எழுதவில்லை. கூட்டு (சீட்டு) கட்டுகிறவன்தான் தன் முறை எப்போது என்று கேட்பான். கொடுத்த 3,000 போகட்டும், ஐயா. அடுத்த முறை அழைத்தால், ஆண்டுக் கணக்கறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். பவுலே எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்தவரையும் கூட அனுப்பினார்.

பெயர் வேண்டாம்: நாலு நம்பர் லாட்டரி அடித்தால் பாதியைச் சபைக் கட்டட நிதிக்குக் கொடுப்பதாக நேர்ந்திருக்கிறேன்.

இருபது வருஷமாகக் கட்டட நிதி இந்த மாதிரி நேர்ச்சைகளை நம்பித்தான் இருக்கிறது, இன்னும் கூரை ஒழுகுகிறது. வாரம் பத்து வெள்ளிக்கு நம்பர் எடுப்பதை நிறுத்தி அதைக் கொடுங்கள்.

சுங்கை டுவா தம்பி: சபையில் ஒரு பிரதர் கார் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறார். மறுத்தால் அன்பில்லாதவன் ஆவேனா?

நீதிமொழிகள் 22:26, 27. கடனுக்குப் பிணைப்படாதே, செலுத்த ஒன்றுமில்லாவிட்டால் நீ படுத்திருக்கும் படுக்கையையும் எடுத்துக்கொள்வார்கள் என்கிறது. நான் 1994-இல் ஒருவருக்காகக் கையெழுத்துப் போட்டேன், மோட்டார் சைக்கிள்தான். பதினொரு மாதத் தவணை என் தலையில். படுக்கை தப்பியது, மனைவியின் வளையல் தப்பவில்லை. உன்னால் திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று எவ்வளவு கொடுக்க முடியுமோ, அதைக் கையில் கொடுத்துவிடு. கையெழுத்து மட்டும் வேண்டாம்.

ஜெலுத்தோங் சகோதரி: அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காய் 300 வெள்ளிக்குப் போனது. இது கொடையா, பெருமையா?

இரண்டும்தான். வலதுகை செய்கிறது இடதுகைக்குத் தெரியக்கூடாது என்ற வசனம் மைக் வைத்த ஏலத்தில் கொஞ்சம் திணறும். ஆனால் சிரிப்பும் கூச்சலுமாக ஊரே சேர்ந்து கொடுக்கிற ஒரு நாளை நான் கெடுக்க மாட்டேன். அந்தப் பூசணிக்காய் கடைசியில் யார் வீட்டுக் குழம்பில் விழுந்தது என்று மட்டும் கேளுங்கள்.

தஞ்சோங் தோக்கோங்: இரண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறேன். முன்யோசனை எங்கே முடிந்து பேராசை எங்கே தொடங்குகிறது? (போன வாடகைக்காரர் சுவரைப் பாழாக்கினதால் டெபாசிட்டை இன்னும் கொடுக்கவில்லை. அது வேறு விஷயம்.)

லூக்கா 12-இல் வரும் ஐசுவரியவான் திருடவில்லை, ஏமாற்றவில்லை. விளைச்சல் நன்றாக இருந்தது, அவ்வளவுதான். ஆனால் அவன் பேச்சைக் கவனியுங்கள்: என் தானியம், என் களஞ்சியம், என் ஆத்துமா. தேவன் குறுக்கிடும்வரை அந்தக் கதையில் வேறொரு மனுஷர் பேரே கிடையாது, அறுத்த கூலியாள்கூட. வீடு இரண்டோ நான்கோ, எண்ணிக்கையை வைத்து என்னால் சொல்ல முடியாது. வரி வசூலித்த சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்து, பாதியை வைத்துக்கொண்டான், அதுவும் இரட்சிப்புதான். ஆனால் அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான்.

நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டதுதான் விஷயம். சுவருக்குப் பெயின்ட் அடித்த ரசீது எவ்வளவு? அதைக் கழித்துவிட்டு மீதியை அவருக்கு அனுப்பிவிட்டு எழுதுங்கள், மற்றதைப் பேசுவோம்.