சிறிய கட்சிக்குப் போடும் புள்ளடி வீணாகுமா?

மூதூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மாகாண சபைத் தேர்தல் வந்தால் நான் முதல் தடவையாக வாக்களிப்பேன். எனக்குப் பிடித்த கட்சி சிறியது. அது தனியே நின்றால் அதற்குப் போடும் வாக்கு வீணா? பெரிய கூட்டணியோடு சேர்ந்து நின்றால், விருப்பு வாக்கை மட்டும் எங்கள் ஆளுக்குப் போட்டுவிடலாமா?”

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். முடியாது. கட்சியின் சின்னத்துக்கு எதிரே புள்ளடி (X குறி) இல்லாமல் வேட்பாளர் இலக்கங்களுக்கு மட்டும் போட்டால் அந்த வாக்குச்சீட்டே நிராகரிக்கப்படும். முதலில் சின்னம், அப்புறம் அதே பட்டியலில் உள்ள மூவர் வரைக்கும் விருப்பு வாக்கு.

கூட்டணிச் சின்னத்துக்குப் போடும் வாக்கு அந்தப் பட்டியல் முழுவதற்கும் பொதுவான குடத்தில் விழுகிறது. 2012 கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் மட்டக்களப்பில் தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியின் தலைவர் சந்திரகாந்தன் (பிள்ளையான்) தன் கட்சிச் சின்னத்தில் நிற்கவில்லை, அன்றைய ஆளும் கூட்டணியான ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின் வெற்றிலைச் சின்னத்தில் நின்றார். அங்கே வெற்றிலைக்கு 4 ஆசனம் கிடைத்தது. அந்த நான்கில் யார் யார் உட்காருவது என்பதை விருப்பு வாக்குத்தான் தீர்மானித்தது. உங்கள் ஆளுக்கு விருப்பு வாக்கு குறைந்தால், நீங்கள் சின்னத்துக்குப் போட்ட வாக்கு அதே பட்டியலில் உள்ள வேறு கட்சிக்காரரைச் சபைக்கு அனுப்பும். கூட்டணிக்கு வாக்களிப்பவர் விருப்பு வாக்கைப் போடாமல் வருவது பெரிய இழப்பு என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

இனி முதல் கேள்வி. இதற்கு உங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2012 செப்டம்பர் 8-ஆம் தேதி நடந்த அதே தேர்தலில் மூதூர் அடங்கும் திருகோணமலை மாவட்டத்துக்கு 10 ஆசனம். தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 44,396 வாக்கு, வெற்றிலைக்கு 43,324, முஸ்லிம் காங்கிரஸுக்கு 26,176, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 24,439. கொழும்பு அரசாங்கத்தில் பங்காளியாக இருந்துகொண்டே இங்கே தனித்து நின்ற தேசிய சுதந்திர முன்னணிக்கு 9,522.

செல்லுபடியான வாக்கு 152,600 சொச்சம். பத்தால் வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை 15,200-ஐச் சற்றுத் தாண்டுகிறது. முழு விலை கொடுத்து வீடும் வெற்றிலையும் இரண்டிரண்டு, முஸ்லிம் காங்கிரஸும் ஐ.தே.க.வும் ஒவ்வொன்று. ஆறு போயிற்று, நான்கு மிச்சம். முழு ஆசனங்களின் விலையைக் கழித்த பிறகு மீதி வாக்கு அதிகம் உள்ளவர்களுக்கு அவை போகும். வீடு, வெற்றிலை, முஸ்லிம் காங்கிரஸ் ஒவ்வொன்று எடுத்த பிறகு கடைசி ஆசனத்துக்குப் போட்டி. ஐ.தே.க.வின் மீதி 9,200-க்குச் சற்றுக் குறைவு. முன்னணிக்கு முழு ஆசனம் எதுவும் கிடைக்காததால் அதன் 9,522 வாக்கும் அப்படியே மீதிதான். ஏறத்தாழ 350 வாக்கு வித்தியாசத்தில் கடைசி ஆசனம் சிறிய கட்சிக்குப் போனது.

ஆகவே உங்கள் கட்சி இந்த மாவட்டத்தில் ஒன்பதாயிரம், பத்தாயிரத்தை நெருங்கக்கூடியது என்றால் தயங்காமல் போடுங்கள். இரண்டாயிரம்தான் வரும் என்றால் தனித்து நின்று ஆசனம் எடுப்பது கடினம், அப்போது கூட்டணிப் பட்டியலில் விருப்பு வாக்கைத் திரட்டுவதே நல்லது.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வையுங்கள். மாகாணம் முழுவதிலும் அதிக வாக்குப் பெற்ற பட்டியலுக்கு 2 போனஸ் ஆசனம். அந்தத் தேர்தலில் வெற்றிலைக்கு 200,044, வீட்டுக்கு 193,827. வித்தியாசம் 6,217 வாக்குத்தான். மாவட்டங்களில் எடுத்த ஆசனம் 12-க்கு 11 என்று இருந்தது, போனஸ் சேர்ந்ததும் 14-க்கு 11 ஆனது. உங்கள் கட்சி கூட்டணியை விட்டுத் தனியே நின்றால் இந்தப் போனஸ் கைமாறக்கூடும். அதைக் கட்சிக்காரர்களிடம் நேராகவே கேளுங்கள்.

தேர்தலுக்குப் பிறகு யாரோடு யார் சேர்வார்கள் என்பது மட்டும் உங்கள் கையில் இல்லை. 37 பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்கு 19 வேண்டும், யாருக்கும் வரவில்லை. 7 ஆசனம் வைத்திருந்த முஸ்லிம் காங்கிரஸ் வெற்றிலைப் பக்கம் சேர, நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். 2015 பெப்ரவரியில் அதே சபையில், அதே உறுப்பினர்களோடு, முஸ்லிம் காங்கிரஸின் ஹாபிஸ் நஸீர் அஹமட் முதலமைச்சரானார். பின்னர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் அவரோடு சேர்ந்தது. ஒரு வாக்குச்சீட்டும் மாறவில்லை. அதனால் பிரசாரத்துக்கு வருபவரிடம் “பெரும்பான்மை வராவிட்டால் யாரோடு சேர்வீர்கள்?” என்று இப்போதே கேட்டுவைப்பது உங்கள் உரிமை.

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னது பழைய விகிதாசார முறையின் கணக்கு. 2017-இல் சட்டம் திருத்தப்பட்டு, பாதித் தொகுதி, பாதி விகிதாசாரம் என்ற கலப்பு முறை வந்தது. அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்தது, தேர்தலும் அந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டது. கிழக்குச் சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது. அடுத்த தேர்தல் அறிவிக்கப்படும்போது எந்த முறையில் என்பதை முதலில் பாருங்கள். கலப்பு முறை என்றால் இந்த விருப்பு வாக்குக் கணக்கு பொருந்தாது.