150 இலைக்கு எத்தனை கிலோ கேக்? அரைக் கிலோவுக்கு என்ன விலை?

கேள்வி (காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகி): வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். எந்த கேக்காக இருந்தாலும் கிலோ 700 ரூபாய், அரைக் கிலோ 350. ஆர்டர் வருகிறது, ஆனால் கையில் ஒன்றும் நிற்பதில்லை. இப்போது கிருஷ்ணகிரியில் ஒரு மண்டபத்தில் குழந்தையின் முதல் பிறந்தநாள், 150 பேர் வருவார்களாம், "3 கிலோ போதும்ல?" என்று கேட்கிறார்கள். எத்தனை கிலோ சொல்வது, என்ன விலை போடுவது? பேக்கரியில் இதைவிடக் குறைவுக்குக் கொடுக்கிறார்களே?

பதில்:

3 கிலோ போதாது. விழாவில் கையில் கொடுக்கிற ஒரு பீஸ் 60 கிராம் என்று வைத்தாலே 3 கிலோவில் 50 பீஸ்தான் வரும். பிள்ளைகள் முதலில் ஓடி வந்து வாங்கிக்கொண்டு போனதும் பெரியவர்கள் பாதிப் பேருக்குத் தட்டு காலி. அப்புறம் பேச்சு யாருக்கு வரும்? கேக் செய்தவருக்குத்தான்.

உங்கள் இரண்டு கேள்விக்கும் ஒரே சிக்கல்தான் காரணம். எத்தனை பேருக்குப் போதும் என்பதையும் கிலோவில் பார்க்கிறீர்கள், என்ன விலை என்பதையும் கிலோவில் பார்க்கிறீர்கள். முதலாவதைத் துண்டில் எண்ண வேண்டும், இரண்டாவதை நேரத்தில் எண்ண வேண்டும். கிலோ கடைசியில் தானாக வரும்.

முதலில் துண்டு. "எத்தனை பேர் வருவாங்க" என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள், "சமையலுக்கு எத்தனை இலை சொல்லியிருக்கீங்க" என்று கேளுங்கள், அந்த எண்ணை ஏற்கெனவே வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்திருப்பார்கள். அடுத்து, கேக் எப்போது வெட்டுகிறார்கள், பந்திக்கு எவ்வளவு முன்னால் என்று கேளுங்கள். மாலையில் கேக் வெட்டி, பேப்பர் தட்டில் மிக்சரோடு ஒரு துண்டு வைத்துக் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு என்றால் 60 கிராம் தாராளம். வீட்டுக்குள் 20 பேர் கூடுகிற பிறந்தநாள் என்றால் கேக்கே அங்கே விருந்து, ஆளுக்கு 100 கிராமாவது வேண்டும், இரண்டாவது துண்டு கேட்பவர்களும் இருப்பார்கள். மண்டபத்தில் அப்படி இல்லை. மொய் எழுதிவிட்டு நேராகப் பந்திக்குப் போகிறவர்கள், சர்க்கரை இருக்கிறது என்று வேண்டாம் என்பவர்கள், கேக் வெட்டி முடிந்த பிறகு வந்து சேருகிறவர்கள் என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடலாம் என்பது என் கணக்கு. 150 இலை என்றால் 120 துண்டு.

இந்த 120 துண்டையும் மேடை கேக்கிலேயே எடுக்கப் பார்க்க வேண்டாம். மேடையில் அழகாக ஒரு கேக், பின்னால் சமையல் கட்டில் அதே ருசியில் அலங்காரம் இல்லாத தட்டு கேக். குடும்பம் மேடையில் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் தட்டு கேக்கைத் துண்டு போட்டுப் பரிமாற ஆரம்பித்துவிடலாம். போட்டோவில் உயரமாகத் தெரிய வேண்டும் என்று கேட்டால் கீழ் அடுக்குக்குத் தெர்மகோல் டம்மி வைத்து மேலே கிரீம் பூசிவிடுங்கள், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

8 அங்குல வட்டம், 4 அங்குல உயரம் என்றால் கிரீம் கேக் சுமார் ஒன்றரை கிலோ வரும். இதை முக்கோணமாக வெட்டினால் 12, 14 துண்டோடு முடிந்துவிடும், அதிலும் ஒன்று பெரியது ஒன்று சிறியது. நேர்கோட்டில் 2 அங்குலத்துக்கு ஒரு பட்டையாக வெட்டி, ஒவ்வொரு பட்டையையும் 1 அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டினால் 24 துண்டு கிடைக்கும், ஒவ்வொன்றும் 60 கிராமை ஒட்டியே இருக்கும். பரிமாறப் போகிறவரிடம் இதை ஒரு தாளில் படம் போட்டே கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் நீங்கள் எவ்வளவு சரியாகக் கணக்குப் போட்டாலும் கத்தி இருப்பது அவர் கையில். தட்டு கேக் 12க்கு 12 அங்குலம், 2 அங்குல உயரம் என்றால் 2க்கு 2 ஆக வெட்டி 36 துண்டு, எடை 2.1 கிலோ போல வரும். ஆக மேடை கேக் 24, மூன்று தட்டு 108, மொத்தம் 132. மீதி 12 துண்டு வீட்டுக்காரர்கள் டப்பாவில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க ஆகும். எடை 7.8 கிலோ. அவர்கள் சொன்ன 3 எங்கே, இது எங்கே பாருங்கள்.

12 அங்குலத் தட்டு உங்கள் ஓடிஜியில் (கேக் வேகவைக்கும் மின் அடுப்பில்) நுழையுமா என்று முதலில் அளந்து பாருங்கள், சுற்றிலும் 1 அங்குலமாவது காற்றுப் போக இடம் வேண்டும், இல்லையென்றால் ஓரம் கருகி நடு வேகாது. நுழையாவிட்டால் 8க்கு 8 தட்டு, ஒன்றுக்கு 16 துண்டு, 7 முறை வேகவைக்க வேண்டியிருக்கும். ஃப்ரிட்ஜில் எல்லாம் படுக்குமா என்பதும் அப்படித்தான், தேவைப்பட்டால் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் இப்போதே இடம் சொல்லி வையுங்கள்.

வாடிக்கையாளர் "இன்னும் 2 இஞ்ச் பெருசா போட்டுடுங்க" என்று சாதாரணமாகக் கேட்பார். 6 அங்குல வட்டத்தின் பரப்பு 28 சதுர அங்குலம், 8க்கு 50, 10க்கு 78. 8 அங்குலத்தை 10 ஆக்கினால் மாவும் கிரீமும் ஒன்றரை மடங்குக்கு மேல். அந்த 2 இஞ்சைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள்.

எடையும் ஏமாற்றும். ஃபாண்டன்ட் (கேக்கின் மேல் போர்த்தும் சர்க்கரை மாவு) போட்ட 8 அங்குல கேக்கில் மேல்போர்வைக்கு மட்டுமே 700 கிராம் அளவுக்கு ஃபாண்டன்ட் போகும், அதைப் பாதிப் பேர் உரித்துத் தட்டில் வைத்துவிடுவார்கள். "2 கிலோ" என்று சொல்லிக் கொடுத்ததில் சாப்பிடுகிற கேக் 1.3 கிலோதான். அதனால் ஃபாண்டன்ட் கேக்குக்கு கிலோ சொல்லாமல் துண்டு மட்டும் சொல்லுங்கள். விப்பிங் கிரீமில் புதியவர்கள் வேறு விதமாகத் தடுக்கி விழுகிறார்கள். அடித்ததும் இரண்டு மூன்று மடங்கு பொங்குகிறதே, கொஞ்சம் ஊற்றினால் போதும் என்று நினைப்பு. பொங்குவது கொள்ளளவு, எடை அல்ல. கேக்கில் 350 கிராம் கிரீம் பூசினால் டப்பாவிலிருந்து 350 கிராம் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம், செலவில் அதை அப்படியே எழுத வேண்டும்.

சரி, விலைக்கு வருவோம். கீழே உள்ள எண்கள் கணக்குக்காகப் போட்டவை, உங்கள் பில்லில் இருக்கும் விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள், முட்டைக்கு நாமக்கல் விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குவது உங்களுக்கே தெரியும். 1 கிலோ சாதா வெண்ணிலா கிரீம் கேக்குக்கு 4 முட்டை 28, மைதா சர்க்கரை எண்ணெய் எசென்ஸ் எல்லாம் சேர்த்து 40, கிரீம் 100, பழக்கூழும் சர்க்கரைப் பாகும் 40, போர்டு, டப்பா, கத்தி, மெழுகுவத்தி 60, கரண்ட் 20. மொத்தம் 288. சிந்தியது, உடைந்தது, சாய்ந்துபோனது என்று 10 சதவீதம் சேர்த்தால் 317, 320 என்றே வையுங்கள். 700ல் 380 மிச்சம், பரவாயில்லையே என்று தோன்றும்.

ஆனால் உங்கள் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்திருக்கிறீர்களா? கலக்குவது, கிரீம் அடிப்பது, அடுக்கிப் பூசுவது, பாத்திரம் கழுவுவது, "அக்கா பிங்க் கலர் கொஞ்சம் லைட்டா" என்று வருகிற வாட்ஸப்புக்கெல்லாம் பதில் சொல்வது, ஓடிஜி வேகும் நேரத்தை விட்டுவிட்டாலும் சுமார் 4 மணி நேரம். 380ஐ 4ஆல் வகுத்தால் மணிக்கு 95 ரூபாய். அதே 700க்கு ஃபாண்டன்ட் பொம்மை ஒன்று செய்து வைத்து இன்னும் 6 மணி நேரம் உட்கார்ந்தால் மணிக்கு 38, ஃபாண்டன்ட் செலவை இன்னும் கழிக்கவே இல்லை.

அரைக் கிலோவைப் பாருங்கள், உங்கள் பணம் அதிகமாகக் கசிவது அங்கேதான். அரைக் கிலோ என்றால் எல்லாம் பாதி என்று 350 போட்டிருக்கிறீர்கள். மாவும் கிரீமும் பாதிதான். ஆனால் போர்டு, டப்பா, மெழுகுவத்தி பாதியாகாது, கரண்ட் பாதியாகாது, பாத்திரம் அதே அளவு, வாட்ஸப்பும் அதே அளவு. பொருள் 200 போய்விடும், மிச்சம் 150, வேலை மூன்றரை மணி நேரம், மணிக்கு 45 ரூபாய்கூட இல்லை. உங்களுக்கு வரும் ஆர்டரில் அரைக் கிலோதான் அதிகம் என்றால் கையில் எப்படிக் காசு நிற்கும்?

ஆரி வேலை ஜாக்கெட்டுக்குத் தையல் கூலி தனி, ஆரி வேலைக்குத் தனி என்று வாங்குகிறார்கள், யாரும் "மீட்டருக்கு எவ்வளவு" என்று கேட்பதில்லை. கேக்குக்கும் அப்படியே பிரியுங்கள். அடிப்படை கேக்குக்கு ஒரு விலை, அலங்காரத்துக்கு மணிக் கணக்கில் ஒரு விலை. மணிக்கு 150 என்று வைத்தால், ஒரு நாளில் ஒரே ஒரு கிலோ கேக் செய்தால் 320உம் 600உம் சேர்ந்து 920, கிரீம் அடிக்கும் பீட்டர் மெஷின் தேய்மானம், டின், ஓடிஜி ரிப்பேர் என்று 10 சதவீதம் போட்டால் 1,000ஐத் தாண்டும். நம் ஊரில் சாதா வெண்ணிலாவுக்கு 1,000 சொன்னால் எத்தனை பேர் வாங்குவார்கள்? அதனால் விலையை ஏற்றுவதை விட நேரத்தைக் குறைப்பதைத்தான் முதலில் சொல்வேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் டெலிவரி என்று வைத்துக்கொண்டு, ஒரே நாளில் மூன்று கேக்குக்குச் சேர்த்துக் கலக்கி, சேர்த்து வேகவைத்து, சேர்த்துக் கிரீம் அடித்தால் ஒன்றுக்கு இரண்டரை மணி நேரம்தான் ஆகும், அப்போது 320உம் 375உம் சேர்த்து தேய்மானத்தோடு 765. கிலோ 800 என்று போடலாம், அரைக் கிலோ 550க்குக் குறையவே கூடாது.

மண்டப ஆர்டருக்கு: மேடை கேக் பொருள் 500, பூ வேலையோடு 6 மணி நேரம் 900. மூன்று தட்டுக்குப் பொருள் 1,400, டப்பா போர்டு செலவு இல்லை, 8 மணி நேரம் 1,200. கூட்டினால் 4,000, தேய்மானம் 400, லாபம் 15 சதவீதம் 660, கார் வாடகை 500. ஆக 5,560, 5,600 என்று சொல்லுங்கள். கூலியும் லாபமும் ஒன்றுதானே என்று கேட்காதீர்கள், கூலி உங்கள் கைக்கு, லாபம் அடுத்த பெரிய ஓடிஜிக்கு. இதை 7.8 கிலோவால் வகுத்தால் 718 வருகிறது, நீங்கள் வாங்குகிற 700க்குப் பக்கத்திலேயே! அதாவது பெரிய ஆர்டரில் உங்கள் விலை அவ்வளவு தப்பில்லை, நஷ்டம் முழுக்கச் சின்ன கேக்கிலும் பொம்மை கேக்கிலும்தான். அவர்களிடம் கிலோவைச் சொல்ல வேண்டாம், "132 பீஸ், பீஸ் 42 ரூபாய்க்கு வருது" என்று சொல்லுங்கள். ஒரு இலைச் சாப்பாட்டுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியும், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

கார் வாடகையை விட்டுவிடாதீர்கள். சித்திரை, வைகாசி வெயிலில் கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் கிரீம் கேக்கை ஸ்கூட்டியில் வைத்துக் கொண்டுபோவது சூதாட்டம், ஓசூர் மாதிரி இங்கே குளிர்ச்சியும் கிடையாது. ஏசி போட்ட காரில் கொண்டுபோய், அடுக்கை மண்டபத்திலேயே வைத்து ஏற்றுங்கள்.

பேக்கரி விலையோடு போட்டி வேண்டாம். அவர்கள் மாவு பொங்குவதற்கான ஜெல் போட்ட ஸ்பாஞ்சைப் பெரிய தட்டுகளில் மொத்தமாக வேகவைக்கிறார்கள், கிரீமைப் பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள், அந்த விலைக்கு உங்களால் இறங்கவே முடியாது. அவர்கள் செய்யாததைச் செய்யுங்கள். மாம்பழ சீசனில் நம் பக்கம் செந்தூராவும் அல்போன்சாவும் கிடைக்கிற விலைக்கு நல்ல பழக் கேக் வேறு ஊரில் யாராலும் கொடுக்க முடியாது (பெங்களூரா கூழுக்கு நல்லது, மேலே துண்டாக அடுக்கப் புளிக்கும்). பழத்தில் தண்ணீர் விடும், அதனால் அன்றைக்கே வெட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். புரட்டாசியில் முட்டையில்லாத கேக் கேட்டு வருவார்கள், கண்டென்ஸ்டு மில்க் முட்டையைவிடச் செலவு, அதற்குக் கிலோவுக்கு 80, 100 கூடுதலாக வாங்குவதில் தப்பே இல்லை.

கரண்ட் பில்லையும் ஒரு கண் பாருங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை ஏறும். கேக்குக்கு 20 ரூபாய் என்று நான் போட்டது அந்த எல்லைக்குள் இருப்பவர்களுக்குத்தான். வீட்டில் செய்து விற்றாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு கட்டாயம், இன்னும் எடுக்கவில்லை என்றால் மண்டப ஆர்டருக்கு முன்னால் எடுத்துவிடுங்கள்.

இந்த ஆர்டருக்கு 2,800 அட்வான்ஸ் ஜிபேயில் வந்த பிறகு கிரீம் வாங்குங்கள், மீதியைக் கேக் மண்டபத்துக்குள் போகும்போதே வாங்கிவிடுங்கள், விழா முடிந்த பிறகு கேட்டால் "நாளைக்கு அனுப்புறேன்" என்பார்கள். பழைய வாடிக்கையாளர்களிடம் எல்லா விலையையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். இந்த மாதம் அரைக் கிலோவை மட்டும் 550 ஆக்குங்கள், பொம்மை வேலைக்குத் தனிக் கட்டணம் என்று ஸ்டேட்டஸில் போடுங்கள், கிலோ 800 என்பதை ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் தொடங்கும்போது மாற்றிக்கொள்ளலாம்.