சிலுவையை மறைக்க வேண்டுமா? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பந்திங் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருக்கிறேன். எங்கள் சபை பட்டணத்தில் கடைவீட்டு மாடியில் கூடுகிறது. பெயர்ப் பலகை கிடையாது. படியில் செருப்பு கிடந்தால் கூட்டம் நடப்பது தெரிந்துவிடும் என்று ஆளாளுக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேலே போவோம். கூட வேலை செய்யும் மலாய்க்கார முஸ்லிம் அக்கா என் சிலுவையைப் பார்த்து, “நீங்கள் எப்படித் தொழுவீர்கள்?” என்று கேட்டார். பதில் சொல்லாமல் சங்கிலியை உள்ளே தள்ளிவிட்டேன். இது கிறிஸ்துவை மறுதலிப்பதா?

ஒரு வாசகி

அன்புத் தங்கைக்கு,

பயந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். அதை மறுதலிப்பு என்று நினைத்து உங்களையே வதைத்துக்கொள்ளாதீர்கள்.

மலேசிய அரசியலமைப்பின் 11வது பிரிவு உங்கள் மதத்தைச் சொல்லிக்கொள்ளவும் கடைப்பிடிக்கவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே மற்ற மதத்தைப் பரப்புவதை மட்டும் மாநிலங்கள் கட்டுப்படுத்தலாம். சிலாங்கூரில் அதற்கென்றே 1988இல் சட்டம் வந்தது. மதம் மாறத் தூண்டுவது, துண்டுப் பிரசுரம் கொடுப்பது எல்லாம் அதில் குற்றம். 18 வயதுக்குக் கீழே உள்ள முஸ்லிம்கள் விஷயத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. சிலுவை அணிவதும் ஞாயிறு ஆராதனைக்குப் போவதும் அதில் இல்லை. ஜூலையில் பினாங்கு மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்ப் பாருங்கள், மெழுகுவத்தி ஏந்திய ஜனம் வெட்டவெளியில் பவனி போகும்.

பயம் சும்மா வரவில்லை என்பதும் தெரியும். 2015இல் சிலாங்கூரின் தாமான் மேடானில் ஒரு கூட்டம் வந்து சிலுவையை எதிர்த்துச் சத்தம் போட்டதும் சபை சிலுவையை இறக்கிவிட்டது. இறக்கவைத்தது கூட்டத்தின் நெருக்குதல்தான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த அக்கா மறுபடி கேட்டால், நீங்கள் செய்வதைச் சொல்லுங்கள்: ஞாயிற்றுக்கிழமை பாடுவோம், வேதம் வாசிப்போம், ஜெபிப்போம். அதோடு நிறுத்துங்கள். வேதாகமம் கொடுக்க வேண்டாம், கூட்டத்துக்கும் கூப்பிட வேண்டாம். உங்களைவிட அவருக்குத்தான் சிக்கல் அதிகம். முஸ்லிமாகப் பிறந்த லீனா ஜாய் என்ற பெண் கிறிஸ்தவரான பிறகு அடையாள அட்டையிலிருந்து ‘இஸ்லாம்’ என்பதை நீக்கக் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். ஷரியா (இஸ்லாமியச் சட்ட) தரப்பின் சான்று இல்லாமல் முடியாது என்று 2007இல் தீர்ப்பானது. மனசாட்சியை இப்படிப் பூட்டுவது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றும் உரிமை நமக்கு இல்லை.

அப்புறம் அந்தச் செருப்பு. படியிலேயே கழற்றிவிட்டுப் போங்கள். பலகை விஷயத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். கடைவீட்டை வழிபாட்டுக்குப் பயன்படுத்த நகராண்மையில் அனுமதி வாங்கியாயிற்றா என்று போதகரிடம் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மதத்தின் பேரே எடுக்காமல் கட்டட விதியைக் காட்டி மூடச் சொல்லிவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்