ஏ6400 கேமராவை தினமும் கூடவே எடுத்துனு போக சின்ன பை எது வாங்கலாம்?

தம்பி, சோனி ஏ6400, கேமராவோடவே சேர்த்துத் தர்ற கிட் லென்ஸோட வாங்கிட்டேன், சத்துவாச்சாரியில இருந்து காட்பாடிக்கு தினமும் பைக்ல போறேன், அடுத்து ஒரு 30 எம்எம் லென்ஸும் வாங்கற ஐடியா இருக்கு, அதுக்கும் சேர்த்து இப்பவே கொஞ்சம் பெரிய பையா வாங்கிடலாமான்னு கேட்டிருக்கீங்க. பெருசு வேணாம். கேமரா, ஒரு பேட்டரி, ஒரு துடைக்கிற துணி, இது மூணு போற அளவுக்கு மட்டும் வாங்குங்க.

ஏன்னு சொல்றேன். நானும் இதே கேமரா தான் வச்சினு இருக்கேன், வேலை ராணிப்பேட்டை பக்கம் ஒரு லெதர் யூனிட்ல, ஹேண்ட்பேக் பர்ஸ் எல்லாம் தைச்சு வந்ததும் செக்கிங் பாக்கறது. மொதல்ல நானும் பின்னாடி லென்ஸ் வாங்குவோம்னு நெனச்சு மூணு தடுப்பு வச்ச பை ஒண்ணு வாங்கினேன், காலியா இருக்கும்போதே அது கேமராவை விட வெயிட்டு. அதை மாட்டினு டூட்டிக்குப் போக முடியல, கடைக்குப் போக முடியல, கடைசியில பீரோ மேல ஏறிடுச்சு. மார்கழியில ஒரு நாள் விடிகாலையில வேலூர் கோட்டை பக்கமா வரேன், அகழித் தண்ணி மேல பனி மதில் பாதி வரைக்கும் நிக்குது, ஒரு பெரியவர் ஓரமா உக்காந்து டீ ஆத்தினு இருக்காரு, கையில ஃபோன் தான் இருந்துது. அந்தப் படம் போனது எனக்கு இன்னும் வருத்தம் தான். அந்த வாரமே சின்ன பை வாங்கிட்டேன்.

அளவுக்கு வரேன். ஏ6400 பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா மட்டும், பேட்டரியோட 403 கிராம், 16-50 கிட் லென்ஸ் 116 கிராம், ரெண்டும் சேர்ந்தா 519. காலிப் பை இதுல பாதி வெயிட்டைத் தாண்டினா எடுக்காதீங்க. கடைக்காரங்க 2 லிட்டர் 3 லிட்டர்னு சொல்றதை நம்பாதீங்க, தட்டையான பையும் 3 லிட்டர் வரும், அதுல கேமரா போவாது. பாடி அகலம் 12 சென்டிமீட்டர், உயரம் 7 கிட்ட, இது எல்லாப் பையிலயும் போயிடும், இடிக்கிறது லென்ஸ் நீட்டினு இருக்கற ஆழம் தான். அதனால லென்ஸை மாட்டி, மூடியும் போட்டு, ஸ்கேல் வச்சு அளந்துட்டுப் போங்க, முடிஞ்சா கேமராவையே லாங் பஜாருக்கு எடுத்துனு போய் உள்ள போட்டு ஜிப்பை மூடிப் பாருங்க. மூடும்போது துணி இழுத்துனு நின்னா கொஞ்ச நாள்ல ஜிப் பல்லு விட்டுடும்.

நீங்க சொல்ற 30 எம்எம், சிக்மா கம்பெனியோட எஃப் 1.4 லென்ஸ் தானே, அது 265 கிராம், நீளமே 7 சென்டிமீட்டருக்கு மேல. கிட் லென்ஸ் 3 சென்டிமீட்டர் தான். ரெண்டுக்கும் ஒரே பைன்னு பாத்தா மறுபடியும் பீரோ மேல தான். நான் என்ன பண்றேன்னா, எங்க பாட்டி வெத்தலை பாக்கு வச்சினு இருந்த மாதிரி ஒரு சுருக்குப் பை, உள்ள மெல்லிசா ஸ்பாஞ்ச் வச்சு டெய்லர்கிட்ட தைச்சு வாங்கி, ரெண்டாவது லென்ஸ் வேணும்னு தோணற அன்னிக்கு மட்டும் அதுல போட்டு எடுத்துனு போறேன்.

இப்ப தையல், இது தான் எனக்கு முக்கியம். பைக்குள்ள கையை விட்டு, ஸ்ட்ராப் வந்து சேர்ற எடத்துல உள்பக்கம் தடவிப் பாருங்க. ஸ்ட்ராப் முனை தையலுக்குள்ள ஒரு இஞ்சாவது நொழைஞ்சு இருக்கணும், மேல சதுரமா தைச்சு நடுவுல குறுக்க எக்ஸ் போட்டிருந்தா ரொம்ப நல்லது, இல்ல நெருக்கமா போய் வந்து போய் வந்து கட்டின தையலாவது இருக்கணும். ஒத்தத் தையல்னா வச்சிட்டு வந்துடுங்க. பெரிய பைக்கும் இப்ப இருக்கறதுக்கும் நடுவுல கடன் வாங்கின ஒரு பையை மாட்டினு போனேன், காட்பாடி ஸ்டேஷன்ல ரயில் வர நேரம், எழுந்து நிக்கறேன், ஸ்ட்ராப் கையோட வந்துடுச்சு, பை கீழ. பிரிச்சுப் பாத்தா முனை உள்ள அரை இஞ்சு கூட இல்ல, ஒரே வரித் தையல். கேமரா தப்பிச்சுது, லென்ஸ் முன்னாடி போட்டிருந்த ஃபில்டர் ரிங் ஒரு பக்கம் நசுங்கி, அதைக் கழட்டறதுக்கே அரை நாள் ஆச்சு.

ஜிப்பு நைலானா இருக்கட்டும். இரும்புப் பல்லு ஜிப்னா கேமராவை எடுக்கும்போதும் போடும்போதும் பின்னாடி ஸ்கிரீனை உரசும், அதுவும் உள்பக்கம் ஜிப்பை மறைக்கிற மாதிரி ஒரு துணிப் பட்டி இல்லாத பைன்னா கண்டிப்பா கோடு விழும். உள் துணி சாம்பலோ மஞ்சளோ, வெளிர் கலரா பாத்து எடுங்க. பாலாத்துப் பக்கம் ஒரு சாயங்காலம் போய்ட்டு வந்தா பையடியில மணல் இருக்கும், கருப்புத் துணியில அது தெரியாது, அந்த மணலே லென்ஸைக் கீறிடும். வாரம் ஒரு தடவை பையைக் கவுத்துத் தட்டிடுங்க. வெல்க்ரோ மூடி வேணாம், கல்யாண வீட்டுல தாலி கட்டற நேரத்துல சர்ருனு கிழிக்கிற சத்தம் எல்லாரையும் திரும்பிப் பாக்க வைக்கும்.

தோல் பை நல்லா இருக்குமேன்னு கேப்பீங்க, நம்ம ஊரு பக்கமே ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடின்னு தோல் தொழில் தானே. அழகுக்கு அதை அடிச்சுக்க ஒண்ணும் இல்ல. ஆனா மரப்பட்டைச் சாறுல பதப்படுத்தற வெஜிடபிள் டேனிங் தோல் மழையில நனைஞ்சா கறை விழுந்து காய்ஞ்சதும் வெறைச்சிடும், வெயிட்டும் கூட. ரெக்ஸின் இன்னும் மோசம், ரெண்டு மூணு வருஷம் வெக்கையும் ஈரமும் பட்டா தோல் உரிஞ்சு செதில் செதிலா கேமரா மேலயே ஒட்டும். தினப்படிக்கு நைலான் இல்ல கேன்வாஸ் போதும்.

பைக்ல போகும்போது குறுக்க மாட்டி, ஸ்ட்ராப்பை இறுக்கி, பை விலா எலும்புக்குக் கீழ முதுகுப் பக்கமா ஒட்டி இருக்கற மாதிரி வச்சுக்குங்க. பெட்ரோல் டேங்க் மேல வைக்கவே வைக்காதீங்க. கிட் லென்ஸுக்குள்ள கை நடுக்கத்தை அடக்கறதுக்குன்னு தானா அசையற கண்ணாடி ஒண்ணு இருக்கு, இன்ஜின் அதிர்வு நாள் கணக்கா அதுல இறங்கறது நல்லது இல்ல, உடம்பு மேல இருந்தா அதிர்வு பாதி நம்மளே வாங்கிக்குவோம். கத்திரி வெயில்ல வேலூர் 40 டிகிரியைத் தாண்டும், நிறுத்தின வண்டி சீட்டுக்கு அடியில, பாக்ஸ்ல பையை விட்டுட்டுப் போகாதீங்க. மழைக்கு ஜவுளிக்கடைக் கவர் ஒண்ணு மடிச்சு முன் பாக்கெட்டுல, அவ்ளோ தான்.

ஸ்ரீபுரம் பொற்கோயில் போறதா இருந்தா கேமராவை உள்ள விடமாட்டாங்க, அன்னிக்கு வீட்டுலயே வச்சிடுங்க.

ராத்திரி கேமராவைப் பையிலயே மூடி வைக்கற பழக்கம் வேணாம். ஸ்பாஞ்ச் நம்ம வேர்வையையும் மழை ஈரத்தையும் இழுத்து வச்சுக்கும், ஐப்பசி கார்த்திகையில லென்ஸுக்குள்ள பூஞ்சை வர்றதுக்கு அது போதும். அழுத்தி மூடற பிளாஸ்டிக் டப்பா, உள்ள ஷூ அட்டைப் பெட்டியில வருமே அந்த சிலிக்கா ஜெல் நாலு பொட்டலம் போட்டு அதுல வைங்க.

பை பாத்து வச்சதும் வாங்கறதுக்கு முன்னாடி ஸ்ட்ராப் சேர்ற எடத்து உள்பக்கத் தையலை ஒரு ஃபோட்டோ எடுத்து கமென்ட்ல போடுங்க தம்பி, பாத்துச் சொல்றேன்.