ஜெரேனியம் எண்ணெய்: எத்தனை சொட்டு, எதோடு, எதற்கு?

கே: கடையில் 'ரோஸ் ஜெரேனியம்', 'பூர்பான்', 'எகிப்து' என்று மூன்று பாட்டில். விலையில் ஏகப்பட்ட வித்தியாசம். எதை வாங்க?

மூன்றும் பெலர்கோனியம் கிரேவியோலன்ஸ் வகைச் செடியின் இலை, தண்டை நீராவியில் வடித்து எடுப்பவை. தென்னாப்பிரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்ட இனம். நீலகிரி, கொடைக்கானல் பக்கமும் பயிராகிறது. பால்கனித் தொட்டியில் சிவப்பாகப் பூக்குமே, அந்த ஜெரேனியத்திலிருந்து இந்த எண்ணெய் வராது.

பூர்பான் என்பது ரீயூனியன் தீவின் பழைய பெயர். இன்று அங்கே விளைச்சல் குறைவு. சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி எகிப்து, சீனா சரக்கு. ஆகவே மலிவான பாட்டிலில் 'பூர்பான்' என்றிருந்தால் சந்தேகப்படுங்கள். பேட்ச் எண்ணுக்கான ஜிசி-எம்எஸ் அறிக்கையைக் கேளுங்கள், எண்ணெயில் எந்தச் சேர்மம் எவ்வளவு என்று காட்டும் ஆய்வக அறிக்கை அது. அதில் 10-எபி-காமா-யூடெஸ்மால் என்ற சேர்மம் நல்ல அளவில் இருந்தால் அது எகிப்து எண்ணெய். ரோஜா மணம் தரும் இரண்டு சேர்மங்களில், சிட்ரோனெல்லாலைவிட (citronellol) ஜெரானியால் (geraniol) பல மடங்கு இருந்தால் பாமரோசா என்ற புல்லின் எண்ணெய் கலந்திருக்கலாம். பழக எகிப்து எண்ணெயே போதும்.

கே: அக்கா, 100 மில்லி நல்லெண்ணெயில் எத்தனை சொட்டு விடலாம்? உடம்புக்குத் தேய்க்கத்தான்.

உடம்புக்கு 2%, முகத்துக்கு 0.5 முதல் 1% வரை. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால், 100 மில்லிக்கு 2% என்பது சுமார் 40 சொட்டு. ஆனால் சொட்டுக் கணக்கை நம்பாதீர்கள். மூடித் துளையைப் பொறுத்து மில்லிக்கு 20-ம் வரும், 35-ம் வரும். 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கி, 98 கிராம் எண்ணெய்க்கு 2 கிராம் ஜெரேனியம் என்று நிறுத்துவிடுங்கள்.

செக்கு நல்லெண்ணெயின் வாசனை ஜெரேனியத்தை அமுக்கிவிடும். பாதாம் எண்ணெயோ ஹோஹோபாவோ மேல். தேங்காயெண்ணெயும் சரிதான், 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும், அவ்வளவுதான். எதுவானாலும் முதலில் முன்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பாருங்கள். ஜெரானியால், சிட்ரோனெல்லால் இரண்டும் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

கே: எதோடு கலந்தாலும் கடைசியில் ஜெரேனியம் மட்டுமே மணக்கிறது. என்ன தப்பு?

அளவுதான். லாவெண்டருக்குச் சமமாக இதை ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். மொத்த நறுமண எண்ணெயில் ஜெரேனியம் 10 முதல் 15% தாண்டவேண்டாம். 20 சொட்டுக்கு ஒரு மாதிரி: லாவெண்டர் 8, இனிப்பு ஆரஞ்சு 7, சிடார் 2, ஜெரேனியம் 3. ஜெரேனியம் மூன்று சொட்டையும் ஒரே தடவையில் விடாமல், ஒவ்வொரு சொட்டுக்கும் காகிதப் பட்டையில் தொட்டு முகர்ந்து பாருங்கள். மூடி வைத்து இரண்டு நாள் கழித்துத்தான் முடிவு சொல்லவேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. தோலில் பூசியபின் ஆரஞ்சு சீக்கிரம் பறந்துவிடும், ஜெரேனியம் நிற்கும். அப்போது அது கூடிவிட்டதுபோல் தோன்றும். அடிமணமாக ஒரு சொட்டு வெட்டிவேர் எண்ணெயோ பச்சோலி எண்ணெயோ சேர்த்தால் தித்திப்பு அடங்கும். வெட்டிவேர் கெட்டி, மெதுவாகத்தான் சொட்டும், அவசரத்தில் பாட்டிலை உதறினால் மொத்தக் கலவையும் போச்சு. பாமரோசாவைச் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை: இரண்டும் ஒரே ரோஜா வாசனைதான் தருகின்றன.

ஏற்கெனவே கெட்டுப்போன கலவையைக் காப்பாற்ற, மற்ற எண்ணெய்களைக் கண்மூடித்தனமாக ஊற்றாதீர்கள். ஜெரேனியம் இல்லாமல் அதே கலவையை இன்னொரு பாட்டிலில் செய்து சமமாகச் சேர்த்தால் அதன் பங்கு சுமார் பாதியாகும்.

ஆரஞ்சுக்குப் பதில் பெர்கமாட் போடுகிறவர்கள் கவனம். குளிர்முறையில் பிழிந்த பெர்கமாட் பூசி வெயிலில் போனால் தோல் கருகும். தேய்க்கும் எண்ணெயில் அது 0.4% தாண்டக்கூடாது, 'எஃப்சிஎஃப்' (வெயிலில் தோலைக் கருக்கும் சேர்மம் நீக்கியது) என்று போட்டதை வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை.

கே: குளிக்கிற வாளியில் 5 சொட்டு விட்டேன். உடம்பெல்லாம் எரிச்சல்.

எண்ணெய் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, கலக்காமல் அப்படியே தோலில் ஒட்டியிருக்கும். உப்பில் பிசைந்தாலும் பாலில் விட்டாலும் இதே கதைதான். வாசனையில்லாத திரவ சோப்பு 15 மில்லியில் 4 சொட்டு கலந்து பூசிக் கழுவுங்கள். இப்போதைய எரிச்சலுக்கு முதலில் சாதா எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பிறகு சோப்புப் போடுங்கள். வெறும் தண்ணீர் அதைக் கொண்டுபோகாது. கொப்புளமோ வீக்கமோ வந்தால் மருத்துவரிடம் போங்கள்.

கே: டிஃப்யூசரில் (வாசனை பரப்பும் கருவியில்) போடலாமா? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையும் பூனையும் இருக்கின்றன.

பெரியவர்கள் அறையில் 100 மில்லி தண்ணீருக்கு 3 சொட்டு, அரை மணி நேரம் ஓட்டி நிறுத்துங்கள். குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம். பூனையின் ஈரல் இத்தகைய சேர்மங்களை மெதுவாகத்தான் வெளியேற்றும். அது எழுந்து வெளியே போகக் கதவு திறந்திருக்கவேண்டும், அதன் மேல் பூசவே கூடாது.

கே: ஹார்மோனைச் சமன்படுத்தும் என்கிறார்களே மேடம்? இரண்டு சொட்டு உள்ளுக்குச் சாப்பிடலாமா?

கூடாது. ஹார்மோன் பற்றிய பேச்சுக்கு உறுதியான ஆதாரம் இல்லை. வாசனை மனதுக்கு இதம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் பூசவேண்டாம்.

கே: எவ்வளவு நாள் கெடாமல் இருக்கும்?

பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில், மூடி இறுக்கி, இருட்டில் வைத்தால் இரண்டு மூன்று வருடம். திறந்த தேதியை எழுதி ஒட்டுங்கள். ரப்பர் பல்பு வைத்த சொட்டுக்குழாயைப் பாட்டிலிலேயே விட்டால் ரப்பர் இளகி எண்ணெயில் கலக்கும். காற்றுப் பட்டுப் பழசான எண்ணெய்தான் தோலை அதிகம் உறுத்தும். மணம் காறலாக மாறியிருந்தால் தேய்ப்பதற்கு எடுக்காதீர்கள்.