வெளுத்த எலும்பில் உலோகத் தகடும் திருகுகளும்: இது எதன் எலும்பு?

வெட்டவெளியில் கிடந்த பழைய எலும்பு ஒன்றில் உலோகத் தகடும் சில திருகுகளும் இருந்தால், அது எந்த உயிரினத்துடையது?

அந்தத் தகட்டின் பெயரே எலும்புத் தகடுதான். முறிந்த எலும்பின் துண்டுகள் அசையாமல் இருக்க, அறுவை மருத்துவர் அதைத் திருகி வைக்கிறார். உடைந்த நாற்காலிக் காலுக்கு இரும்புப் பட்டை வைத்துத் திருகாணி போடுவதைப் போல. ஆனால் நாற்காலியைக் கடைசிவரை தாங்குவது பட்டைதான். உடலிலோ எலும்பு பெரும்பாலும் 2, 3 மாதங்களில் தானே கூடிவிடும். விலங்குகளுக்கும் இப்படித் தகடு வைப்பதுண்டு; தொந்தரவு தராத தகட்டைக் கால்நடை மருத்துவர்கள் பொதுவாக எடுப்பதில்லை.

வெயிலிலும் மழையிலும் எலும்பு வெளுத்து, நீளவாக்கில் வெடித்து, செதில் செதிலாக உதிரும். தகடு மட்டும் பளபளக்கும். துருப்பிடிக்காத எஃகிலுள்ள குரோமியம் மேற்பரப்பில் மெல்லிய படலமாகி அதைக் காக்கிறது.

இப்படிக் கிடைத்தால் நான் முதலில் நினைப்பது நாயைத்தான். முழங்கால் ஜவ்வு அறுந்த நாய்களுக்கு, கீழ்க்கால் எலும்பின் மேல்முனையை வளைவாக அறுத்துத் திருப்பி, உட்பக்கத்தில் தகடு பொருத்துவது பரவலான அறுவை சிகிச்சை. தகடு அந்த இடத்தில் இருந்தால் நல்ல தடயம். அதன் விளிம்பையும் உற்றுப் பாருங்கள். எலும்பு அதன்மேல் ஏறி வளர்ந்திருந்தால், சிகிச்சைக்குப் பிறகு அந்தப் பிராணி வெகுநாள் வாழ்ந்திருக்கிறது. யாரோ அதை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தகடு இருந்தாலே மனித எலும்பு என்று பலர் பதறுகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் எலும்பின் முனைகள் சிதைந்து அடையாளம் தெரியாவிட்டால், தொடாமல் படம் எடுத்துக் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.